யன்னல் யாருடையது?

எங்களுக்குச் சொந்தமில்லாத ஒரு பொருளைப் பேணவேண்டிய கடமை எங்களுக்கு உண்டா? பேணினால் அந்தப் பொருளில் எங்களுக்கு ஏதாவது உரிமை பிறக்கிறதா? அல்லது அது உடைமையாளருக்குக் கொடுத்த இலவச உழைப்பாகவே போய்விடுகிறதா?

விரிவுரை மண்டபத்தில் கேட்டால் கொட்டாவியை வரவழைக்கக்கூடிய கேள்விகள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மெய்யியலை இரண்டாம் வருடத்தோடு இடைநடுவில் விட்டுவிட்டு வந்து, பத்து வருடத்துக்கு மேலாக ஓர் உணவகத்தின் சமையலறையில் நிற்கிறவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். அங்கே கொட்டாவி விட்ட கேள்விகள்தான் இங்கே நித்திரையைக் கெடுக்கின்றன. டென்மார்க்கில் வாடகைவீட்டில் இருப்பவனுக்கு அவை யன்னல் இடுக்கினால் சனவரி மாதக் காற்றோடு சேர்ந்து உள்ளே வருகின்றன.

நான் இருப்பது ஓகூஸ் நகரில், நூறு வயதைத் தாண்டிய ஒரு செங்கல் கட்டடத்தில். யன்னல்கள் மரச்சட்டத்தில் ஒற்றைக் கண்ணாடி போட்டவை. மேலே இரண்டு சிறிய கதவுகள், கீழே இரண்டு பெரியவை. நடுவில் நிற்கும் மரமும் குறுக்கே போகும் மரமும் சிலுவை போலத் தெரியும். தேசியக் கொடியின் சிலுவையை நினைவூட்டுவதால் இதற்கு டெனிஸ்காரர் டன்னபுறோ யன்னல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பழைய டெனிஸ் நகரத் தெருக்கள் எல்லாவற்றிலும் இதைப் பார்க்கலாம். சென்ற இலையுதிர்காலத்தில் வீட்டுச் சொந்தக்காரரிடமிருந்து எல்லோருக்கும் ஒரு கடிதம் வந்தது. யன்னல்கள் அனைத்தும் மாற்றப்படும், அதற்கேற்ப வாடகை கூடும் என்று அதில் எழுதியிருந்தது. கூடப்போகிற தொகை என்னுடைய ஒருநாள் சம்பளத்துக்குக் கிட்ட வருகிறது, ஒவ்வொரு மாதமும்.

கட்டடத்தில் இருப்பவர்கள் நிலக்கீழ் அறையில், உடுப்புத் தோய்க்கும் இயந்திரங்களுக்கு நடுவில் கூடினோம். இரண்டு குரல்கள் எனக்கு மறக்கவில்லை. ஒன்று, நாற்பது வருடத்துக்கு மேலாக அங்கே இருக்கும் ஓய்வுபெற்ற டெனிஸ் அம்மா ஒருவருடையது. “இந்த யன்னல்களுக்கு ஒரு நோயும் இல்லை. ஒவ்வொரு சில வருடத்துக்கும் ஆளிவிதை எண்ணெய் வர்ணம் பூசி வந்திருக்கிறேன். கண்ணாடியைப் பிடிக்கிற பசையைப் புதுப்பித்தால் இன்னும் ஐம்பது வருடம் நிற்கும்” என்றார். மற்றது எங்கள் ஊர் அண்ணர் ஒருவருடையது. திரும்பி வரும்போது படியில் வைத்துச் சொன்னார்: “உதென்ன கதை தம்பி? வாடகைவீட்டு யன்னலுக்கு ஆரும் வர்ணம் அடிப்பினமோ? அவன்ர வீடு, அவன்ர யன்னல். மாத்தினால் மாத்தட்டும், உடைஞ்சால் உடையட்டும். நாங்கள் நாளைக்கு எங்கையோ.”

இந்த இரண்டு பேரையும் நான் மனதுக்குள் வாதாடவிட்டுக்கொண்டே இருக்கிறேன். இக்கட்டுரை அந்த வாதத்தின் சுருக்கம்.

முதலில் யன்னலைப் பற்றிய உண்மைகளைப் பார்ப்போம். அந்த அம்மா வெறும் பழமைப் பற்றில் பேசவில்லை. அந்தக் காலத்து யன்னல்களை மெதுவாக வளர்ந்த பைன் மரத்தின் வைரப் பகுதியில் செய்தார்கள். பிசின் நிறைந்த மரம் அது, இலேசில் உக்காது. உக்கினாலும் உக்கிய துண்டை மட்டும் வெட்டியெடுத்துப் புதுத்துண்டு பொருத்தலாம். உட்பக்கத்தில் இரண்டாவது கண்ணாடிச் சட்டம் ஒன்றைப் பொருத்தினால் குளிரும் தெருச் சத்தமும் பெருமளவு அடங்கிவிடும். இரட்டைக் கண்ணாடி ஒட்டிய புதிய யன்னலின் கதை வேறு. இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவிலுள்ள அடைப்பு ஒருநாள் விட்டுவிடும். உள்ளே ஈரம் புகுந்து பனிமூட்டம் போல நிற்கும். அதைத் துடைக்க முடியாது, கண்ணாடித் தொகுதியையே மாற்றவேண்டும்.

1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது டென்மார்க் தன் எரிசக்தியில் மிகப் பெரும் பங்குக்கு இறக்குமதி எண்ணெயையே நம்பியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வாகனம் ஓட்டத் தடை போட்டார்கள். அதற்குப் பின் வந்த வருடங்களில் பழைய மர யன்னல்கள் எத்தனையோ கழற்றி எறியப்பட்டு, இரட்டைக் கண்ணாடிகள் வந்தன. அக்காலத்து இரட்டைக் கண்ணாடிகள் சிலவற்றின் அடைப்புப் பசையில் பி.சி.பி. என்ற நச்சுப் பொருள் இருந்தது. 1977இல் கட்டடங்களில் அதன் பாவனை தடைசெய்யப்பட்டது. இன்று அவற்றைக் கழற்றும்போது அபாயக் கழிவாகக் கையாளவேண்டியிருக்கிறது. கழற்றி எறியப்படாத பழைய யன்னல்களோ இன்னும் நிற்கின்றன.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். குளிரில் அழகு ஒன்றும் இல்லை. நெஞ்சுச்சளிக் குழந்தை இருக்கிற வீட்டில், யன்னல் விளிம்பில் கறுப்பாகப் பூஞ்சணம் படர்கிற வீட்டில், பழைய மரத்தின் பெருமையைப் பேசுவது பாவம். இன்றைய சக்திசேமிப்புக் கண்ணாடி உண்மையிலேயே நல்லது. ஆனால் அதிலும் ஒரு பாடம் இருக்கிறது. பழைய யன்னல் இடுக்கு விட்டு மூச்சுவிடும். புதியது இறுக்கமாக மூடும். நாங்கள் சோறு வடிக்கிற ஆவி, கறி கொதிக்கிற ஆவி, உள்ளே காயப்போட்ட உடுப்பின் ஈரம் எல்லாம் அறைக்குள்ளேயே நிற்கும். நாளுக்கு இரண்டு மூன்று தடவை யன்னலைத் திறந்து சில நிமிடம் காற்றோட விடுங்கள் என்று டெனிஸ்காரர் சொல்வது அதனால்தான். குளிருக்குப் பயந்து மூடி வைத்துவிட்டுப் பிறகு பூஞ்சணத்தைத் திட்டிப் பயனில்லை. யன்னலுக்குப் பழந்தமிழில் காலதர் என்று ஒரு பெயர். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. டெனிஸ்காரர் சொல்லும் விண்டு என்ற சொல்லும் பழைய நோர்ஸ் மொழியின் காற்றுக்கண் என்பதிலிருந்து வந்தது. நாங்கள் இன்று பேச்சில் பாவிக்கிற யன்னல்தான் போர்த்துக்கீசரிடமிருந்து வந்தது. நானூறு வருடமாகப் புழங்கியதில் அது எங்கள் சொல்லாகிவிட்டது. பாவனையால் ஒரு பொருள் சொந்தமாகிறதா என்ற கேள்வியைச் சொற்கள் எப்போதோ தீர்த்துவைத்துவிட்டன. வீடுகளுக்குத்தான் இன்னும் தீரவில்லை.

இனிச் சட்டத்துக்கு வருவோம். டெனிஸ் வாடகைச் சட்டம் இரண்டு சொற்களைப் பிரித்து வைத்திருக்கிறது. ஒன்று பராமரிப்பு, மற்றது மேம்பாடு. பராமரிப்பு என்றால் இருந்ததை இருந்தபடி வைத்திருப்பது. கட்டடத்தின் வெளிப்புறப் பராமரிப்பு பொதுவாகச் சொந்தக்காரரின் பொறுப்பு. அதற்கான காசு நாங்கள் கொடுக்கிற வாடகைக்குள்ளேயே இருக்கிறது. பழைய வாடகைக் கட்டடங்களின் சொந்தக்காரர்கள் இதற்கென்று ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியைத் தனியாக ஒரு நிதியத்தில் கட்டிவைக்கவேண்டும் என்றுகூடச் சட்டம் இருக்கிறது. மேம்பாடு என்றால் முன்பு இல்லாத ஒரு நன்மையைச் சேர்ப்பது. அதற்கு மூன்று மாத முன்னறிவித்தல் கொடுத்து வாடகையைக் கூட்டலாம்.

அப்படியானால் பழைய யன்னலைக் கழற்றிப் புதிய யன்னல் போடுவது எது? இரண்டும்தான். புதிய யன்னல் கூடுதல் வெப்பத்தைக் காக்கிறது, அந்த அளவுக்கு அது மேம்பாடு. ஆனால் பழைய யன்னலுக்குச் செய்யவேண்டியிருந்த வேலையை அது இல்லாமலாக்குகிறது, அந்த அளவுக்கு அது பராமரிப்பு. எனவே மொத்தச் செலவிலிருந்து மிச்சமான பராமரிப்பைக் கழித்துவிட்டு மீதிக்குத்தான் வாடகை கூட்டலாம். இதில் பிணக்கு வந்தால் ஒவ்வொரு கொமூனிலும் இருக்கிற ஹூஸ்லையநெவ்ன் என்ற வாடகைச் சபைக்குப் போகலாம். அதில் சட்டம் படித்த ஒரு தலைவர், சொந்தக்காரர் தரப்பில் ஒருவர், வாடகைக்காரர் தரப்பில் ஒருவர் என மூவர் இருப்பார்கள்.

இந்தக் கழித்தல் கணக்கு எனக்கு வெறும் கணக்காகத் தெரியவில்லை. ஒவ்வொரு புதிய யன்னலுக்குள்ளும் ஒரு பழைய கடன் இருக்கிறது என்று சட்டம் ஒத்துக்கொள்கிறது. எங்களுக்கு முன் அங்கே இருந்தவர்கள், பெயர் தெரியாத மீன்தொழிற்சாலைத் தொழிலாளியோ தையற்காரியோ, மாதாமாதம் கட்டிய காசு அந்தக் கடன். அவர்கள் ஒரு செங்கல்லுக்கும் சொந்தக்காரராக இருக்கவில்லை. ஆனாலும் அவர்கள் கட்டியது கணக்கில் நிற்கிறது.

ஜோன் லொக் என்ற ஆங்கில மெய்யியலாளர் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு வாதம் வைத்தார். ஒருவன் தன் உழைப்பை ஒரு பொருளோடு கலக்கும்போது அது அவனுடையதாகிறது என்பது அதன் சாரம். முதலாம் வருடத்தில் இதைப் படித்தபோது எவ்வளவு நியாயம் என்று தோன்றியது. ஆனால் லொக் பேசியது யாருக்கும் சொந்தமாகாத பொருளைப் பற்றி. ஏற்கெனவே ஒருவனுக்குச் சொந்தமான வீட்டில் இன்னொருவன் உழைப்பைக் கலந்தால் அது வீட்டோடு போய்விடும். நிலத்தில் கட்டியது நிலத்தையே சேரும் என்று உறோமானியர் விதி வைத்தார்கள். அண்ணர் படியில் வைத்துச் சொன்னதும் அந்த விதியைத்தான். அவர் உறோமச் சட்டம் படிக்கவில்லை, அனுபவித்திருக்கிறார்.

அவருடைய பேச்சை அலட்சியமென்று ஒதுக்கிவிட முடியாது. அவர் 80களின் இறுதியில் டென்மார்க்குக்கு வந்தவர். 1987இல் அப்போதைய நீதியமைச்சர் எரிக் நின்-ஹன்சன் தமிழ் அகதிகளின் குடும்ப இணைப்பு விண்ணப்பங்களைக் கிடப்பில் போட வைத்த காலத்தில், மனைவி கொழும்பில் விடுதியில் இருக்க, இங்கே பெட்டியை அவிழ்க்காமல் காத்திருந்த ஆண்களில் அவரும் ஒருவர். அந்த விவகாரம் 1993 சனவரியில் பிரதமர் போல் ஸ்லூட்டரின் அரசாங்கத்தையே வீழ்த்தியது. 1995இல் அமைச்சர்களை விசாரிக்கும் விசேட நீதிமன்றம் நின்-ஹன்சனைக் குற்றவாளியாகக் கண்டது. நீதி கிடைத்ததுதான். ஆனால் பெட்டியை அவிழ்க்காமல் இருக்கப் பழகிய மனம் தீர்ப்பு வந்ததும் மாறிவிடுவதில்லை. பிறகு வந்தவர்களுக்கும் நாடு அதே பாடத்தையே படிப்பிக்கிறது. 2019இல் செய்த சட்டமாற்றத்துக்குப் பின் அகதிக்குக் கொடுக்கும் வதிவிட அனுமதி தற்காலிகத் தங்கலுக்கானது என்று வெளிப்படையாகவே ஆக்கப்பட்டது. அனுமதியே வாடகைக்கு எடுத்ததாக இருக்கும்போது யன்னலுக்கு வர்ணம் பூசு என்று யாருக்குச் சொல்வது?

பேணுவதால் உரிமை நிலைக்கும் என்று நம்புவதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. டென்மார்க்கில் 1996இலிருந்து ஒரு விதி உண்டு. வாடகை கட்டுப்படுத்தப்பட்ட பழைய வீடு ஒன்று காலியானதும், சதுர மீற்றருக்குக் குறிப்பிட்ட தொகைக்கு மேல் செலவழித்து அதைப் புதுப்பித்தால், சொந்தக்காரர் கட்டுப்பாட்டை மீறிய உயர்ந்த வாடகைக்கு அதைக் கொடுக்கலாம். உக்கிப்போன வீடுகளைத் திருத்தவைப்பது நோக்கம். ஆனால் வீடு காலியாவதில்தான் இலாபம் என்ற நிலையும் அதனால் உருவாகியது. பெரிய முதலீட்டு நிறுவனங்கள் கொப்பன்ஹேகனில் கட்டடங்களாக வாங்கத் தொடங்கின. அமெரிக்க நிறுவனமான பிளாக்ஸ்ரோனின் பெயரால் அறியப்பட்ட 2020ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் இதற்கு ஓர் அணை கட்டியது. கட்டடம் கைமாறினால் இந்த விதியைப் பாவிக்க ஐந்து வருடம் காத்திருக்கவேண்டும். ஆனால் கட்டடத்தின் சக்தித் தரத்தை மூன்று படிகள் உயர்த்தினால் அந்தக் காத்திருப்பு இல்லை. சக்தித் தரத்தை உயர்த்தும் வழிகளில் யன்னலும் ஒன்று. குளிரை வெளியே அனுப்ப வந்த பொருள், ஆட்களையும் வெளியே அனுப்பக்கூடும்.

ஆகவே அந்த அம்மா சொன்னபடி பேணு என்று மட்டும் சொன்னால் அது ஏமாளித்தனம். அண்ணர் சொன்னபடி நமக்கென்ன என்று விட்டால் என்ன ஆகும்? இங்கே அதற்குப் பதில் சொல்ல எனக்குப் போதிய வயதில்லை. ஊரில் அதற்குப் பதில் கிடைத்திருக்கிறது.

நான் பிறந்தது வலிகாமம் வடக்கில். 1990 யூனில் அங்கிருந்து எல்லோரும் எழும்பியபோது எனக்கு இரண்டு வயது. அந்த நிலம் உயர்பாதுகாப்பு வலயமாகிப் போனது. அதன்பிறகு நான் வளர்ந்தது மூன்று வீடுகளில். மூன்றும் வெளிநாட்டுக்குப் போனவர்களின் வீடுகள். இடம்பெயர்ந்த குடும்பங்கள் இப்படித்தான் இருந்தன. வாடகை சில வேளை உண்டு, சில வேளை இல்லை. வீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கோ என்பதுதான் ஒப்பந்தம்.

அவற்றில் ஒரு வீட்டில் யன்னல் நிலையைக் கறையான் அரித்தது. மாற்றலாமா என்று அப்பா எழுதிக் கேட்டார். ஒன்றிலும் கை வைக்கவேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று பதில் வந்தது. அப்பா தகரம் அடித்து மூடினார். மூன்று மாரி அந்தத் தகரத்தில் மழை அடிக்கிற சத்தத்தில் படித்தேன்.

சொந்தக்காரருடைய பயம் எனக்கு இப்போது விளங்குகிறது. இலங்கையில் 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டப்படி, ஒருவர் சொந்தக்காரரின் உரிமையை ஏற்காமல், எதிராக, பத்து வருடம் தொடர்ந்து ஒரு காணியை ஆண்டால் அதற்கு உரிமை கேட்கலாம். சொந்தக்காரரின் அனுமதியோடு இருப்பவருக்கு, வாடகைக்கோ பார்த்துக்கொள்ளவோ இருப்பவருக்கு, அந்த உரிமை இலேசில் வராது. ஆனால் தூரத்தில் இருப்பவருக்கு இந்த நுணுக்கம் தெரியாது. பத்து வருடம் என்ற சொல் மட்டும் காதில் விழும். யன்னல் மாற்றிய பற்றுச்சீட்டே நாளைக்கு நீதிமன்றத்தில் சாட்சியாக வந்து நிற்கும் என்று தோன்றும். போரால் ஓடியவர்களின் காணி இப்படிப் போய்விடக்கூடாது என்று 2016இல் ஒரு விசேட சட்டமும் வந்தது. 1983 மே 1 தொடக்கம் 2009 மே 18 வரையான காலத்தில் தங்கள் காணிக்குப் போகமுடியாமல் இருந்தவர்களுக்கு எதிராக அந்தக் காலத்தைக் கணக்கிலெடுக்க முடியாது என்பது அதன் சாரம். நியாயமான சட்டம். ஆனால் அது உடைமையைத்தான் காப்பாற்றியது. அந்த வீட்டை அத்தனை வருடம் மழைக்கும் செல்லுக்கும் இடையில் நிமிர்ந்து நிற்க வைத்தவர்களைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை.

பேணியவரை நினைக்கிற சட்டம் எங்களிடம் இல்லாமலும் இல்லை. இலங்கையில் வழங்கும் உறோம-டச்சுச் சட்டத்தில், நல்லெண்ணத்தோடு ஆட்சியில் இருந்தவர் செய்த பயனுள்ள மேம்பாட்டுக்கு நட்டஈடு உண்டு. அது கிடைக்கும்வரை இடத்தைப் பிடித்து வைத்திருக்கும் உரிமையும் உண்டு. உடைமைக்கும் வாடகைக்கும் இடையில் ஒற்றி என்று ஒரு முறையும் எங்களிடம் இருந்தது. 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுப்பித்த தேசவழமையில் அது இருக்கிறது. வட்டிக்குப் பதிலாக வளவின் பயனை எடுத்துக்கொண்டு, காசு திரும்பியதும் எழும்பிப்போவது. இன்று இவ்வளவு காலம் என்னுடையது, பிறகு உன்னுடையது என்று சொல்லிக்கொண்டு வாழ எங்கள் பாட்டன்மாருக்குத் தெரிந்திருந்தது. டென்மார்க்கின் கூட்டுறவு வீடுகளிலும் அப்படி ஒன்று உண்டு. அங்கே இருப்பவருக்கு வீடு சொந்தமில்லை, பங்குதான் சொந்தம். ஆனால் அவர் செய்த திருத்த வேலைகளின் பெறுமதியை, தேய்மானத்தைக் கழித்துவிட்டு, போகும்போது விலையில் சேர்க்கலாம். பேணியதற்கு உடைமை கொடுக்கவில்லை, கணக்குக் கொடுக்கிறார்கள்.

அந்தக் கணக்கை ஒருவரும் வைக்காத இடத்தில் என்ன நடக்கும் என்பதையும் நாங்கள் கண்டிருக்கிறோம். 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட சனம். யாழ்ப்பாண நகரத்தில் இருந்தவர்களுக்கு ஒக்ரோபர் 30இல் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். அவர்கள் போன பிறகு சோனகத் தெருவிலும் அயலிலும் இருந்த வீடுகளின் ஓடுகள் இறங்கின. கதவுகளும் யன்னல்களும் நிலையோடு கழன்றன. கழற்றிய யன்னல் காற்றில் கரைந்துவிடுவதில்லை. அது இன்னொரு சுவரில் போய்ப் பொருந்தும். அந்தச் சுவர்கள் யாருடையவை என்று எங்கள் இலக்கியக் கூட்டங்களில் கேட்கிறவர்கள் குறைவு. வாங்கியவர்களும் இருந்திருக்கிறார்கள், மலிவு என்று. 2002இலும் பிறகு 2009க்குப் பின்னும் திரும்பி வந்தவர்கள் கண்டது கூரையற்ற சுவர்களையும், யன்னல் இருந்த இடத்தில் ஓட்டைகளையும்.

சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995 ஒக்ரோபர் 30 இரவு, வலிகாமம் ஒட்டுமொத்தமாகத் தென்மராட்சியை நோக்கி நடந்தது. 1996இல் திரும்பிப் போனவர்கள் தங்கள் வீடுகளிலும் அதே ஓட்டைகளைக் கண்டார்கள். எங்கள் சொந்த வீட்டு நிலம் 2015க்குப் பின்னர் விடுவிக்கப்பட்ட பகுதிக்குள் வருகிறது. அங்கே யன்னலைப் பற்றிப் பேசச் சுவரே இல்லை. ஒன்றுக்கு ஒன்று தண்டனை என்று நான் சொல்லவரவில்லை. அப்படிச் சொல்வது தெய்வத்தைக் கணக்குப்பிள்ளையாக்குவது. நான் சொல்வது வேறு. யன்னலைக் கழற்றியவன் எந்தப் பக்கத்தவனாக இருந்தாலும் அவனிடம் ஒரே நியாயம்தான் இருந்தது: ஆரும் இல்லாத வீடு. அண்ணர் படியில் சொன்ன “அவன்ர வீடு, நமக்கென்ன” என்பதற்கும் இந்த நியாயத்துக்கும் இடையில் நாங்கள் நினைக்கிற அளவு தூரம் இல்லை. அண்ணர் ஒருநாளும் ஒருவருடைய யன்னலிலும் கை வைக்கமாட்டார், எனக்குத் தெரியும். ஆனால் இரண்டுமே ஒரு பொருளுக்கு உடைமையாளன் என்ற ஒரே உறவுதான் உண்டு என்று எடுத்துக்கொள்கின்றன. உடைமையாளன் கிட்ட இருந்தால் நமக்கென்ன. அவன் ஓடிவிட்டால் நமக்குத்தான்.

ஒரு வீட்டுக்கு அப்படி ஒரே உறவு இருந்ததில்லை. கட்டியவர் ஒருவர், உறுதியில் பெயர் உள்ளவர் ஒருவர், இருப்பவர் ஒருவர், இனி வந்து இருக்கப்போகிறவர் ஒருவர். யன்னல் இந்த நாலு பேருக்கும் பொது. ஆகவே என் முதற் கேள்விக்கு என்னுடைய பதில் இது. சொந்தமில்லாததைப் பேணும் கடமை உண்டு. அது உடைமையாளருக்குச் செலுத்தும் கடமையல்ல, எங்களுக்குப் பிறகு அந்த யன்னலருகில் படுத்து நித்திரை கொள்ளப்போகிறவருக்குச் செலுத்துவது. பேணியதால் உடைமை வந்துவிடாது. அப்படி வரும் என்றால் ஒரு சொந்தக்காரரும் ஒரு அகதிக்கும் வீடு தரமாட்டார். ஆனால் பேணியதால் ஒரு கடன் பிறக்கிறது. அந்தக் கடனைக் கேட்டுவாங்க வாடகைக்காரனுக்கு உரிமை உண்டு. வெட்கப்படத் தேவையில்லை. எனவே வர்ணமும் பூசவேண்டும், வாடகைச் சபைக்கும் எழுதவேண்டும். பூசாமல் எழுதுவது வெறும் வழக்கு. எழுதாமல் பூசுவது இலவச வேலை. எங்கள் கட்டடத்தில் பெரும்பாலானோர் கையெழுத்துப் போட்டு எழுதியிருக்கிறோம். பழைய பராமரிப்புக் கணக்கைக் காட்டுங்கள், யன்னல்களைத் திருத்தி உள்ளே இரண்டாவது கண்ணாடி போட்டால் என்ன செலவாகும் என்றும் பாருங்கள் என்பதுதான் கோரிக்கை. பதில் இன்னும் வரவில்லை. அண்ணர் கையெழுத்துப் போடவில்லை. வில்லங்கம் வேண்டாம் என்றார். அவருக்கு அதற்கும் காரணம் இருக்கும்.

இந்தப் பக்கங்களை வாசிக்கிறவர்களில் பலர் இங்கே வாடகைக்காரர், அங்கே சொந்தக்காரர். ஹேர்னிங்கிலோ பரிசிலோ ரொறன்ரோவிலோ ஒரு வாடகைவீட்டில் இருந்துகொண்டு, சொந்தக்காரன் யன்னல் திருத்தித் தருகிறானில்லை என்று முறையிடுகிறோம். அதே வாயால் தொலைபேசியில் ஊரில் உள்ள வீட்டில் இருப்பவருக்கு ஒன்றிலும் கை வைக்கவேண்டாம் என்கிறோம். இருபது வருடம் விளக்கேற்றி, முற்றம் கூட்டி, கறையான் புற்று இடித்த குடும்பத்தை, பிள்ளைக்குச் சீதனமாக எழுதவேண்டும், வருகிற மாதம் எழும்புங்கோ என்று ஒரு அழைப்பில் எழுப்புகிறோம். இங்கே கொமூனிடம் மூன்று மாத முன்னறிவித்தல் எங்கே என்று கேட்கத் தெரிந்த நாங்கள் அங்கே முப்பது நாள் கொடுக்க யோசிக்கிறோம். காணி எங்களுடையதுதான், அதில் சந்தேகமில்லை. கேட்கிற உரிமையும் உண்டு. ஆனால் எழும்பிப்போகிறவரிடம், இந்த இருபது வருடத்தில் இந்த வீட்டுக்கு நீங்கள் எவ்வளவு செலவழித்தீர்கள் என்று கேட்டு, அதைக் கணக்குப் பார்த்துக் கொடுத்தவர்கள் எத்தனை பேர்? அவர் போய் இருக்க இடம் இருக்கிறதா என்று கேட்டவர்கள் எத்தனை பேர்?

சட்டத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லாத சிறிய வேலைகள் சில இருக்கின்றன. வீட்டில் இருப்பவரோடு ஒரு தாளில் எழுதிக்கொள்ளலாம்: நீங்கள் என்னுடைய அனுமதியோடு இருக்கிறீர்கள், திருத்த வேலைக்கு நான் பொறுப்பு, எழும்பவேண்டுமானால் இத்தனை மாதம் முன்பே சொல்வேன். அந்த ஒரு தாள் பத்து வருடப் பயத்தையும் போக்கும், தகரம் அடிக்கவேண்டிய தேவையையும் போக்கும். மாரி தொடங்குமுன் ஒருமுறை தொலைபேசி எடுத்து, நிலை யன்னல்கள் எப்படி இருக்கின்றன என்று கேட்கலாம். கறையான் என்று அவர் சொன்னால், அந்த நிலைக்கான காசை அனுப்பிவைப்பதுதான் பதில்.